புட்டி: பழைய மடிக்கணினிக்கு இன்றும் ஏற்ற டெர்மினல்

விண்டோஸிலிருந்து லினக்ஸ் சேர்வருக்குள் நுழைந்து கட்டளைகளை எழுத, புட்டி (PuTTY) அளவுக்கு இலேசான மென்பொருள் கிடைப்பது அரிது. 1999 இல் சைமன் டாதம் வெளியிட்டது, இலவசம், சில மெகாபைட்தான். விண்டோஸ் 10 இல் இதே வேலைக்கான எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) கட்டளை கூடவே வருகிறது, ஆனால் விண்டோஸ் 7 ஓடும் கணினிகளில் அது இல்லை. திருகோணமலையில் கோணேசபுரி வளாக மாணவருக்கும், உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் இணையத்தளங்களைப் பராமரிப்போருக்கும் தயங்காமல் பரிந்துரைக்கலாம். "புட்டி பழுது" என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை பழுதே அல்ல. புட்டி ஒன்றை அனுப்ப, சேர்வர் வேறொன்றை எதிர்பார்க்கிறது.

பேக்ஸ்பேஸ் அடித்தால் எழுத்து அழியாமல் கூரைக்குறியும் கேள்விக்குறியும் விழுகிறதா? புட்டி இயல்பாக அனுப்புவது 127ஆம் குறியீடு. சேர்வர் 8ஐ எதிர்பார்க்கிறது. சேர்வரில் 'எஸ்டிடிஒய் -ஏ' (stty -a) கட்டளையைக் கொடுத்து 'இரேஸ்' (erase) என்ற இடத்தைப் பாருங்கள். 'எஸ்டிடிஒய் இரேஸ்' (stty erase) என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, கொன்ட்ரோல்-வி, பேக்ஸ்பேஸ், என்டர் அடித்தால் சரியாகும். அந்தக் கட்டளையை, தானாக ஓடும் பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பில் போடுவதானால், உள்ளீடு டெர்மினல்தானா என்று சோதித்த பிறகே ஓட விடுங்கள். இல்லாவிட்டால் எஸ்சிபியில் கோப்பு அனுப்பும்போதெல்லாம் பிழைச்செய்தி வரும்.

அதிகம் குழப்புவது கட்டக்கோடுகள். மெனுவின் ஓரத்தில் கோட்டுக்குப் பதில் 'எல்', 'கியூ', 'எக்ஸ்' எழுத்துகள் வரிசையாக வந்தால், திரையில் மெனு வரையும் என்கர்சஸ் (ncurses) நிரலகம் பழைய விடி100 டெர்மினலின் முறையில் கோடு கீறச் சொல்கிறது, யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறியீட்டு முறை) நிலையில் இருக்கும் புட்டி அதை ஏற்பதில்லை என்று பொருள். புட்டி அமைப்புச் சாளரத்தின் 'டிரான்ஸ்லேஷன்' பக்கத்தில், யூடிஎஃப்-8 இலும் விடி100 கோடுகளை அனுமதிக்கும் பெட்டியைத் தெரிவுசெய்யுங்கள். எழுத்துகளே சிதைந்தால் அது வேறு கோளாறு: அதே பக்கத்தில் எழுத்துத்தொகுதி யூடிஎஃப்-8 ஆக இருக்கிறதா, சேர்வரில் 'லொகேல்' (locale) கட்டளையும் அதையே காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நிறங்கள் குறைவாகத் தெரிந்தால் 'டேட்டா' பக்கத்தில் டெர்மினல் வகையை 'எக்ஸ்டேர்ம்-256கலர்' (xterm-256color) ஆக்குங்கள். 'புட்டி-256கலர்' (putty-256color) என்பதும் உண்டு, ஆனால் டெபியன் லினக்ஸில் அதற்கு 'என்கர்சஸ்-டேர்ம்' (ncurses-term) பொதியை நிறுவியிருக்க வேண்டும்.

திரை உறைந்துவிட்டால் பெரும்பாலும் கொன்ட்ரோல்-எஸ் தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கும், கொன்ட்ரோல்-கியூ விடுவிக்கும்.

மொபைல் றூட்டரில் சும்மா இருக்கும் இணைப்பு அறுந்தால், 'கனெக்‌ஷன்' பக்கத்தில் கீப்அலைவை (இணைப்பு அறாதிருக்கச் செய்தி அனுப்பும் இடைவெளி) 0 இலிருந்து 30 செக்கனாக்குங்கள்.

இவை எல்லாவற்றையும் மாற்றிவிட்டு 'செஷன்' பக்கத்துக்குத் திரும்பி 'சேவ்' அழுத்தாவிட்டால் மறுமுறை எதுவும் இராது. புட்டியின் மோசமான வடிவமைப்பு இதுதான்.

தமிழிலும் அது தடுமாறுகிறது. பல குறிகளைத் தனிக் கட்டத்தில் வைப்பதால் கொம்பும் காலும் பிரிந்து, கர்சர் இடம் மாறி நிற்கும். தமிழ்க் கோப்பை கோப்புகளை மாற்றும் வின்எஸ்சிபி (WinSCP) மென்பொருள் மூலம் விண்டோஸுக்கு எடுத்துத் திருத்துவதே பத்திரம். புட்டியில் சேமித்த செஷன்களை அதில் இறக்கிக்கொள்ளலாம்.