கோயிலுக்குத்தானே என்று சொல்லாத தையல் கடை

சர்ச் பாடகர் குழுவுக்கு அங்கி தைக்க வட சென்னையில் நல்ல ஆள் யாராவது உண்டா என்று தெரிந்த சபைக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போனில் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கடை பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. இரண்டு தையல் மிஷின், ஒரு ஓவர்லாக் மிஷின், வெட்டுகிற மேஜை, மாஸ்டர், அவர் மனைவி, அவ்வளவுதான் கடை. துணிக்கடைக்காரர்களிடம் சர்ச் அங்கி தைக்கிற மாஸ்டர் என்று கேட்டால் கை காட்டுவார்கள். பைக்கை எம்.சி. ரோட்டிலேயே எங்காவது விட்டுவிட்டு நடந்து போங்கள், சந்துக்குள் கொண்டுபோனால் திருப்பக்கூட முடியாது.

இவரிடம் போவதற்கு முன்னால் வேறு சில இடங்களில் விலை கேட்டோம். எல்லா இடத்திலும் ஒரே பேச்சு. சர்ச்சுக்கா, அப்படியென்றால் சர்ச் ரேட் போட்டுத் தருகிறோம் என்பார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். அப்புறம் சாம்பிளைப் பார்த்தால் மெல்லிய பாலியெஸ்டர், ஓரம் அடிக்காத தையல், கழுத்துக்கு ஒற்றை மடிப்பு. இதே கடைகள் கல்யாண ஜாக்கெட்டை எப்படித் தைக்கின்றன என்று ஷோகேஸிலேயே தொங்குகிறது. கோயிலுக்குத்தானே, வாரம் ஒரு மணி நேரம் போடுவதற்கு இது போதாதா என்று ஒருவர் நேராகவே கேட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் எங்கள் கமிட்டியிலேயே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சபையில் துணி வியாபாரம் செய்கிற ஒருவர், விற்காமல் கிடந்த வெள்ளைத் துணி ஒரு கட்டு இருக்கிறது, லேசாகப் பழுப்பேறியிருக்கிறது, காசு வேண்டாம், கோயிலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல, கமிட்டியில் பாதிப் பேர் ஸ்தோத்திரம் சொல்லி முடித்துவிட்டார்கள்.

அப்போதுதான் எங்கள் குழுவில் பேஸ், அதாவது அடிக்குரல், பாடுகிற பெரியவர் ஒருவர், ரிட்டையர்டு ரயில்வே, பொதுவாக வாயே திறக்காதவர், வேதத்தில் 2 சாமுவேல் கடைசி அதிகாரத்தை எடுத்துவிட்டார். அங்கே தாவீது ராஜா பலிபீடம் கட்ட அர்வனா என்பவனுடைய போரடிக்கிற களத்தை விலைக்குக் கேட்கிறார். அர்வனா களத்தையும் சும்மா தருகிறேன், பலியிட மாடுகளையும் சும்மா தருகிறேன் என்கிறான். தாவீது ஒத்துக்கொள்ளவில்லை. தனக்குச் செலவில்லாமல் கிடைத்ததை என் தேவனுக்குப் பலியாகச் செலுத்த மாட்டேன் என்று சொல்லி 50 சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுக்கிறார். இத்தனைக்கும் அர்வனா கொடுக்க வந்தது மட்டமான சரக்கு என்று வேதத்தில் எங்கேயும் இல்லை. நமக்கு வந்திருப்பதோ பழுப்பேறிய கட்டு. பெரியவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை, துணி விலைக்கு வாங்குவதென்று முடிவாகிவிட்டது.

சரி, கடைக்கு வருகிறேன். முதல் தடவை போனபோது நானும் பழக்க தோஷத்தில் சர்ச் ரேட் உண்டா மாஸ்டர் என்றுதான் கேட்டேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, "இன்னா சார், சாமிக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சுக்கினீங்களா?" என்றார். வேதத்தில் மல்கியா தீர்க்கதரிசி புத்தகத்தின் முதல் அதிகாரம் அப்படியே காதில் விழுந்த மாதிரி இருந்தது. அங்கே ஜனங்கள் கண் ஊனமானதையும் கால் ஊனமானதையும் பலிக்குக் கொண்டுவருகிறார்கள், இதை உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார், வாங்கிக்கொள்வானா என்று கர்த்தர் கேட்கிறார். மாஸ்டர் மல்கியா படித்தவர் இல்லை. ஆடி மாதம் இதே மேஜையில் அம்மனுக்குப் பாவாடை தைக்கிறவர், இரண்டுக்கும் ஒரே கூலி, ஒரே தையல்.

என்ன தைத்துக் கொடுத்தார் என்று விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது.

துணியை வாங்கிக்கொண்டு போன அன்றே வெட்டவில்லை. காட்டன் கலந்த துணி சுருங்கும் என்று முழுத்துணியையும் தண்ணீரில் நனைத்துப் போட்டு, மாடியில் காயவைத்து, தேய்த்துவிட்டுத்தான் சுண்ணக்கட்டியையே கையில் எடுத்தார். நாங்கள் சிலர் சாட்டின் கேட்டோம், யூடியூப் லைவில் பளபளவென்று தெரியுமாம். ஏசி இல்லாத கோயிலில், ஏப்ரல் மாதம், பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஆராதனைக்கு சாட்டின் போட்டுக்கொண்டு நின்று பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அளவு எழுதிய சீட்டைக் கொடுத்தால் வாங்க மாட்டார், ஆள் நேரில் வந்து நிற்க வேண்டும். சின்னப் பிள்ளைகளின் அங்கிக்குக் கீழே நான்கு விரல் அகலம் துணி உள்ளே விட்டு மடித்திருக்கிறார், வளர வளரப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். இதை நாங்கள் கேட்கவே இல்லை.

கழுத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எங்கள் பழைய அங்கிகள் எல்லாமே கழுத்தில்தான் கிழிந்தன. முதல் மணி அடித்த பிறகு ஓடிவந்து தலை வழியாக இழுத்து மாட்டுகிற கூட்டம் நாங்கள், கழுத்து என்ன செய்யும் பாவம். மாஸ்டர் பழைய அங்கி ஒன்றை வாங்கி, கிழிந்த இடத்தை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, புதியதற்குக் கிராஸ் பட்டி, அதாவது துணியைச் சரிவாக வெட்டிய பட்டி, வெட்டி, உள்ளே ஒரு நாடா வைத்து, இரண்டு வரிசைத் தையல் போட்டார். வீட்டுக்கு வந்து யாத்திராகமம் 28-ஐ எடுத்துப் பார்த்தேன். பிரதான ஆசாரியன் ஆரோனுடைய அங்கியைப் பற்றிச் சொல்லும்போது, தலை நுழைகிற துவாரத்தைச் சுற்றி நெய்த நாடா வைக்க வேண்டும், கிழியாமல் இருக்க என்று காரணத்தோடு எழுதியிருக்கிறது. ஓரத்துத் தொங்கலில் பொன்மணியும் மாதளம்பழமும் வருவது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், பிரசங்கத்தில் அதைத்தான் கேட்டிருப்போம். கழுத்துப் பட்டியை வைத்து யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை. போன அட்வென்ட்டில், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறு காலத்தில், மாட்டிய அங்கிகள், ஈஸ்டருக்குப் பிறகு ஏழாவது ஞாயிறான பெந்தெகொஸ்தே தாண்டியாயிற்று, இதுவரை ஒரு கழுத்துகூடப் பிரியவில்லை.

பீட விரிப்பும் இவரிடமே கொடுத்தோம், அட்வென்ட்டுக்கும் ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்துக்கும் ஊதா, பண்டிகைகளுக்கு வெள்ளை, பெந்தெகொஸ்தேவுக்குச் சிவப்பு, மற்ற ஞாயிறுகளுக்குப் பச்சை. ஒரு வேலை நாளில் அவரே கோயிலுக்கு வந்து பீடத்தை அளந்தார், நான்கு மூலையிலும் தனித்தனியாக. பழைய மரப் பீடம், ஒரு பக்கம் அரை அங்குலம் குறைச்சல் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரியும். அதனால்தான் பழைய விரிப்பு எப்போதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே கிடந்திருக்கிறது, நாங்கள் குண்டூசி குத்திக் குத்திச் சமாளித்துக்கொண்டிருந்தோம்.

கூலி ஒரு அங்கிக்கு 550 ரூபாய் வாங்கினார், துணி எங்களுடையது. மற்ற இடங்களில் 300, 350-க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். இந்த வித்தியாசத்தை வைத்துக் கமிட்டியில் இரண்டாவது ரவுண்டு வாக்குவாதம் நடந்தது. அந்தப் பணத்தில் நாலு ஏழைப் பிள்ளைகளுக்கு பீஸ் கட்டலாமே என்றார் ஒருவர். இந்தக் கேள்வியை யோவான் 12-இல், மரியாள் இயேசுவின் பாதத்தில் தைலம் பூசியபோது, யூதாஸ் கேட்டான் என்று சொல்லி வாயை அடைப்பது சுலபம், 300 பணம் பெறுகிற தைலம் என்று அங்கே விலையே போட்டிருக்கிறது. ஆனால் கேட்டவர் யூதாஸ் இல்லை, வெள்ளம் வந்த வருடங்களில் முழங்கால் தண்ணீரில் வீடு வீடாகச் சோறு கொண்டுபோன மனுஷன். ஆமோஸ் 5-உம் வேதத்தில்தான் இருக்கிறது, நியாயம் செய்யாதவர்களின் பாட்டு கர்த்தருக்கு வெறும் இரைச்சல். அதனால் பீஸ் பணத்தில் கை வைக்காமல், அங்கிக்குக் குழுவில் இருக்கிறவர்களே போட்டோம், அவரவரால் முடிந்தது. ஆட்டோ ஓட்டுகிற தம்பி ஒருவர் 200 கொடுத்தார், துறைமுகத்தில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறவர் 2000 கொடுத்தார், யார் அதிகம் போட்டார் என்பதை மாற்கு 12-இன்படி கணக்குப் பார்க்கிறவர் எங்கள் பொருளாளர் இல்லை. இயேசு அங்கே உண்டியலுக்கு எதிரே உட்கார்ந்து, விதவை போட்ட இரண்டு காசை அவளிடம் மீதி என்ன இருந்தது என்பதை வைத்து அளக்கிறார். மனப்பூர்வமாகக் கொடுப்பது என்றால் விலை உயர்ந்ததைக் கொடுப்பது என்று நினைத்துவிட்டால் சாட்டினில்தான் போய் நிற்போம்.

வனாந்தரத்தில் கூடாரம் கட்டும்போது ஜனங்கள் தேவைக்கு மேல் கொண்டுவந்து குவித்து, போதும் நிறுத்துங்கள் என்று மோசே பாளயத்தில் சொல்லவைத்ததாக யாத்திராகமம் 36-இல் இருக்கிறது. எங்கள் சபையில் அப்படி ஓர் அறிவிப்பை நான் இதுவரை கேட்டதில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். போன் எடுக்க மாட்டார். பில் கிடையாது, கட்டாயம் வேண்டுமென்றால் நோட்டுப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார், ஆடிட்டுக்கு வவுச்சர் வேண்டுமே என்று எங்கள் பொருளாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். அட்வான்ஸ் ரொக்கம்தான், மீதிக்கு ஜிபே உண்டு. எம்பிராய்டரியை வெளியே கொடுத்துத்தான் வாங்குகிறார், ஊதா விரிப்பில் சிலுவை கொஞ்சம் சாய்ந்து வந்தது. நாங்கள் கவனிப்பதற்கு முன்னால் அவரே பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார், ஆனால் அதனால் ஒரு வாரம் தள்ளிப்போய், அட்வென்ட் முதல் ஞாயிறுக்கு முந்தின நாள் ராத்திரிதான் கைக்கு வந்தது. பேச்சும் கறார். தேய்க்காமல் சுருட்டி வைத்த அங்கியை ஆல்டரேஷனுக்குக் கொண்டுபோன ஒரு அக்காவை, தேய்த்துக்கொண்டு வாங்கம்மா என்று திருப்பி அனுப்பியிருக்கிறார், அவருக்கு இன்னும் கோபம்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண் வவுச்சருக்காகக் குறைத்தது.

இன்னொன்று, இது கடையைப் பற்றியது இல்லை. அங்கி புதிதாக வந்த பிறகும் சனிக்கிழமை ஏழு மணிப் பயிற்சிக்கு டெனர் ஆட்கள் ஏழே முக்காலுக்குத்தான் வருகிறார்கள், வந்து உட்கார்ந்து நோட்டைப் புரட்டும்போதே நாளைக்கு எந்தப் பாட்டு என்று கேட்கிறார்கள். மாஸ்டரிடம் அளவு கொடுக்க மட்டும் எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள்.

போக நினைக்கிறவர்களுக்கு: அட்வென்ட் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் வரும், அது நல்ல மழைக்காலம், கிறிஸ்துமஸ் துணி அவசரமும் அப்போதுதான். செப்டம்பரிலேயே துணியோடு போய்விடுங்கள். நவம்பரில் போனால் ஆர்டர் எடுக்க மாட்டார், ஏனென்றால் நனைத்த துணி காய வெயில் வேண்டும், நனைக்காத துணியில் அவர் கத்தரி வைப்பதில்லை.