கடலோரப் பாயிண்ட்டுக்குக் கிரீஸா, கிராஃபைட்டா?

ராமநாதபுரம், மண்டபம் பக்கம், ரயில் தடம் பிரியும் இடமான பாயிண்ட்டைப் பராமரிக்கிறவர்களுக்கு மழையைவிட ஆடிக்காற்றுதான் தலைவலி. தடம் மாற்ற அசையும் கூர்முனைத் தண்டவாளமான டங் ரயில் நகர்வது, அடியில் இருக்கும் ஸ்லைடு சேர் என்ற இரும்புத் தட்டின் மேல். மணலும் உப்பும் வந்து படிவதும் அங்கேதான். அதில் கெட்டி கிரீஸ் தடவினால் முதல் நாள் வெண்ணெயாக வழுக்கும். காற்று கிளம்பியதும் மணலெல்லாம் ஒட்டி, இரும்பையே அரைக்கிற பசையாகிவிடும். கோடையில் தண்டவாளம் 60 டிகிரியைத் தாண்டும்போது அந்த கிரீஸும் இளகி ஜல்லியில் இறங்கிவிடும்.

சில வருடங்களாக நாங்கள் பூசுவது, காய்ந்து படலமாக நிற்கும் கிராஃபைட் வகை. கரைப்பான் ஆவியானதும் கறுப்புப் பூச்சு மட்டும் மிஞ்சும். மணல் விழுந்தாலும் ஒட்டாது, துடைப்பத்தால் தள்ளிவிடலாம். கிராஃபைட் நன்றாக வழுக்கக் காற்றில் ஈரம் வேண்டும்; கடலோரத்தில் அதற்கென்ன பஞ்சம்! டங் ரயிலை மோட்டாரால் நகர்த்தும் பாயிண்ட் மெஷின் இழுக்கும் கரண்ட்டிலேயே வித்தியாசம் தெரிகிறது. கிரீஸ் போட்ட காலத்தில் பெருங்காற்று அடித்த மறுநாள் ஆம்மீட்டர் முள் ஏறும். இப்போது அது அபூர்வம்.

குறைகளும் உண்டு. துருவின் மேல் பூசினால் துருவோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, பூசியபின் காயவும் விட வேண்டும். பரபரப்பான யார்டில் அவ்வளவு நேரம் பிளாக் (ரயிலை நிறுத்தி வேலை செய்யும் அனுமதி) வாங்குவதுதான் பெரிய பாடு. அப்புறம், கிராஃபைட் மின்சாரம் கடத்தும். இரு டங் ரயில்களையும் இணைக்கும் ஸ்ட்ரெச்சர் பாரின் இன்சுலேஷன் பக்கம் பிரஷைக் கொண்டுபோகாதீர்கள். உப்புநீரோடு சேர்ந்தால் இரும்பு அரிப்பையும் தூண்டும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் பூச்சு தேய்ந்த இடங்களில் மெல்லிய எண்ணெயை லேசாகத் தடவிவிடுகிறோம். நனைந்த மணல் பறக்காது என்பதால் அந்த மாதங்களில் எண்ணெயால் தொல்லை இல்லை.

பாயிண்ட் இறுகினால் சிலர் மெஷினின் ஃபிரிக்‌ஷன் கிளட்சை (சுமை கூடினால் வழுக்கி மோட்டாரைக் காக்கும் பாகம்) முறுக்கிச் சமாளிக்கிறார்கள். எனக்கு அது அறவே பிடிக்காது. கோளாறு அப்படியே இருக்க, மோட்டார்தான் கூடுதலாக முக்கும். எதைப் பூசினாலும் 5 மி.மீ. தகடு சோதனையை விடக் கூடாது. டங் முனையிலிருந்து 150 மி.மீ. தள்ளி, டங் ரயிலுக்கும் அது போய் ஒட்டும் அசையாத ஸ்டாக் ரயிலுக்கும் நடுவே தகட்டை வைத்தால் பாயிண்ட் லாக் ஆகக் கூடாது.

டங் ரயிலைச் சற்றே தூக்கி உருட்டும் ரோலர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அதற்கு எண்ணெய் வேலை குறைவு, உண்மைதான். ஆனால் இந்த மணலுக்கு, நன்றாக மூடிய பேரிங் உள்ளதாக இருந்தால் மட்டும் வாங்கலாம்.