மாத்திரைக் கணக்கு: காலண்டரா, ஆப்பா, ஷீட்டா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நாளைக்கு ஏழு மாத்திரை. எனக்குச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் காலையும் இரவும், பி12, மக்னீசியம். மனைவிக்குத் தைராய்டு, கால்சியம், இரும்புச்சத்து. இது போக ஞாயிறுக்கு ஞாயிறு எனக்கு வைட்டமின் டி. இதோடு மாவுச்சத்தை நாளுக்கு 100 கிராமுக்குள் நிறுத்தவும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு முடிவு செய்தேன். கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கேட்காமல் சோற்றைக் குறைக்கக் கூடாது, சர்க்கரை படாரென்று இறங்கிவிடும். சரி, இத்தனையையும் எதில் எழுதுவது? மூன்றையும் பார்த்துவிட்டேன்.

முதலில் அடுக்களைக் காலண்டர். எம்.சி. ரோடு துணிக்கடையில் கொடுத்தது. பால் கணக்கு எழுதுவதும் அதில்தான். வைட்டமின் டி 60,000 யூனிட், வாரத்துக்கு ஒன்றுதான். சிவப்பு ஞாயிற்றுக் கட்டத்தில் 'டி' என்று போட்டு வட்டமிட்டால் முடிந்தது. வாரக் கணக்குக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் கட்டம் சின்னது, சாப்பிட்டதை எழுத இடமில்லை. மாதம் முடிந்தால் தாள் கிழிந்து மசாலா டப்பாவுக்கு அடியில் போய்விடும். சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி டெஸ்ட் சொல்வதோ ஏறக்குறைய மூன்று மாதக் கதை.

அப்புறம் ஆப். நினைவூட்டலில் 'தினமும்' என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஞாயிறு போட்ட டி மாத்திரையைத் திங்களும் போட்டேன். செவ்வாய் மறுபடி மணி அடித்தபோதுதான் உறைத்தது. தப்பு என்னுடையதுதான், ஆனால் காலண்டரில் இது நடந்திருக்காது.

சாப்பாட்டுக் கணக்கில் அது இன்னும் மோசம். இட்லி தெரிகிறது, பீச் ஸ்டேஷன் எதிரே விற்கும் பர்மா நூடுல்ஸான அத்தோ தெரியவில்லை. 'நூடுல்ஸ்' என்று போட்டால் ஒரு எண் வரும். தட்டில் எவ்வளவு நூடுல்ஸ், எவ்வளவு முட்டைகோஸ், மேலே நொறுக்கிப் போட்டது எவ்வளவு என்று அதற்கு என்ன தெரியும்? காசிமேட்டில் வாங்கிய சங்கராவைக் குழம்பு வைத்தால் 'மீன் கறி' என்கிறது. மீனில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். கணக்கு ஏறுவது குழம்பை ஊற்றிய சோற்றிலும், கடை வறுவலில் தடவும் கார்ன்ஃப்ளாரிலும்தான். சோறு எத்தனை கப் என்று வேறு கேட்கிறது. எந்தக் கப்? கடைசியில் எங்கள் குழிக்கரண்டியை எடை போட்டேன்: ஒரு கரண்டி 80 கிராம் சோறு, மாவுச்சத்து சுமார் 22 கிராம். அதன் பிறகு ஆப்பின் கப் எனக்குத் தேவைப்படவில்லை.

கூகுள் ஷீட் சலிப்பான வேலை. இரவு பத்து நிமிடம் பிடிக்கும், இரண்டு நாள் விட்டால் மூன்றாம் நாள் கை போகாது. ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான். காரணம் 'நேரம்' என்று நான் சும்மா போட்டுவைத்த ஒரு பத்தி. மனைவிக்கு மாதக்கணக்கில் டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை எண்) இறங்கவே இல்லை, டோஸைக் கூட்டலாமா என்ற பேச்சு வரை போனது. ஷீட்டை போனில் காட்டினேன். தைராய்டு காலை 6 மணி, கால்சியம் 7:30. டாக்டர் அந்த இரண்டு வரியில் விரலை வைத்தார். கால்சியம் தைராய்டு மருந்தை உடம்பில் ஏற விடாது, நடுவில் நாலு மணி நேரமாவது வேண்டும். இரும்புச்சத்துக்கும் அப்படித்தான், அதுவும் கால்சியமும் ஒன்றாகவும் சேரக் கூடாது. இப்போது கால்சியம் மதியம், இரும்புச்சத்து இரவு. காலண்டரிலும் ஆப்பிலும் இதே மாத்திரைகளுக்கு டிக் விழுந்துகொண்டுதான் இருந்தது.

எனக்கும் ஷீட் உதவியது. அத்தோ தின்ற இரவு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 212; ஒரு கரண்டி சோறு, சங்கரா, கோஸ் பொரியல் என்றால் 138. குளுக்கோமீட்டர் 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டலாம், அதனால் 138க்கும் 145க்கும் சண்டை போடுவதில்லை. 212 வேறு விஷயம். மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் எடுத்தால் பி12 குறையக்கூடும் என்பதால் அந்த டெஸ்ட் தேதியும் ஷீட்டில் இருக்கிறது. முடிக்காகப் பயோட்டின் போடுகிறவர்கள் அதையும் எழுதி வையுங்கள். தைராய்டு டெஸ்ட் முடிவையே அது மாற்றிக் காட்டும், லேபில் கேட்கும்போது யாருக்கும் நினைவு வராது.

டி மட்டும் காலண்டருக்கே திரும்பிவிட்டது. ஆப்பையும் அழிக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு அது அடித்தால்தான், "என்னங்க, அந்த இரும்புச்சத்தை எடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது.