டிவி பெட்டியா, ஆப்பா? முதலில் வயரைப் பாருங்கள்

"டிஷ், கேபிள், இன்டர்நெட், எதைப் போடலாம்?" ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் கேட்கும் கேள்வி இது. சிங்கப்பூரில் முதல் இரண்டுக்கும் வழியில்லை. வீடுகளில் சாட்டிலைட் டிஷ் வைக்க அனுமதி கிடையாது. ஸ்டார்ஹப்பின் கம்பிவடச் சேவை 2019 செப்டம்பர் 30ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இன்று பலரும் "கேபிள்" என்று சொல்வது கண்ணாடியிழை இணைப்பு வழியாகச் சேனல்களைக் காட்டும் பெட்டியைத்தான். ஆகவே போட்டி அந்தப் பெட்டிக்கும், இன்டர்நெட்டில் நிகழ்ச்சி பார்க்கும் ஆப்புக்கும்தான். இலவசத் தமிழ்ச் சேனலான வசந்தம் மட்டும் போதுமென்றால் டிவிபி-டி2 (டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கும் வசதி) உள்ள டிவியும் ஜன்னலோரம் ஓர் ஆன்டெனாவும் போதும், மாதக் கட்டணம் இல்லை. ஆம்ப்ளிஃபயர் உள்ள ஆன்டெனா என்றால் டிவி மெனுவில் ஆன்டெனா பவரை ஆன் செய்ய வேண்டும். அதை மறந்துவிட்டு ஆன்டெனாவைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

பெட்டியின் மீது வரும் புகார்களில் முக்கால்வாசி ஒன்றேதான்: படம் சதுரம் சதுரமாக உடைகிறது, பேச்சு அறுந்து அறுந்து வருகிறது. "அதே வைஃபையில் யூடியூப் நன்றாக ஓடுகிறதே, பெட்டிதான் மட்டம்" என்று முடிவு கட்டுகிறார்கள். இந்தத் தீர்ப்பு தவறு, இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஆப் பல விநாடிக் காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது, தொலைந்த துண்டை மறுபடி கேட்டு வாங்குகிறது. நேரலைச் சேனலை மல்டிகாஸ்ட் முறையில் (ஒரே ஓட்டத்தைப் பலருக்கும் ஒருசேர அனுப்பும் முறை) பெறும் பெட்டிக்கு அந்த அவகாசம் மிகக் குறைவு. போதாக்குறைக்கு, பல ரௌட்டர்கள் மல்டிகாஸ்டை வைஃபையின் மிகக் குறைந்த வேகத்தில், போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்புகின்றன. தொலைந்தது தொலைந்ததுதான், அதுதான் திரையில் சதுரமாகத் தெரிகிறது. 1 ஜிபிபிஎஸ் இணைப்பை இன்னும் பெரிதாக்கினாலும் இது தீராது.

பல வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் கண்ணாடியிழை முனை பாம் ஷெல்டர் என்னும் பாதுகாப்பு அறைக்குள்ளோ அதன் பக்கத்திலோ இருக்கிறது. அந்தக் கான்கிரீட் சுவரையும் இரும்புக் கதவையும் தாண்டி வைஃபை நலிந்துதான் ஹாலுக்கு வரும். ஷெல்டர் சுவரைக் குடைந்து வயர் இழுக்கவும் கூடாது. புதிய பிடிஓ வீடுகளில் (முன்பதிவு செய்து கட்டித் தரப்படும் வீவக வீடுகள்) ஹாலுக்கும் படுக்கையறைகளுக்கும் கேட்6 என்னும் நெட்வொர்க் வயரை ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள். வயர்கள் வந்து சேரும் முனைப் பெட்டியைத் திறந்து ஹாலுக்குப் போகும் வயரைக் கண்டுபிடியுங்கள். ஓஎன்டியை (கண்ணாடியிழை வந்து சேரும் கருவி) அந்த வயரோடு இணைத்து, மறுமுனையில் ரௌட்டரை டிவிக்குப் பக்கத்தில் வையுங்கள். டிவி பெட்டியை ரௌட்டரோடு பேட்ச் கார்ட் என்னும் அரை மீட்டர் நெட்வொர்க் வயரால் இணையுங்கள். ஓஎன்டியும் ரௌட்டரும் ஒரே கருவி என்றால் அதை நகர்த்த முடியாது. அப்போது அதன் லேன் போர்ட்டிலிருந்து நேராகப் பெட்டிக்கு இழுக்க வேண்டும். டிவிக்கென்று குறித்த போர்ட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், வேறு போர்ட்டில் சேனல் வராமல் போகலாம். நடுவில் நெட்வொர்க் சுவிட்ச் வைப்பதென்றால் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (மல்டிகாஸ்டைக் கேட்ட கருவிக்கு மட்டும் அனுப்பும் வசதி) உள்ளதாக இருக்கட்டும். வேலை செய்யும்போது மஞ்சள் கண்ணாடியிழை வயரை இறுக்கி மடக்காதீர்கள். ஓஎன்டியில் எல்ஓஎஸ் விளக்கு (சிக்னல் இல்லை என்று காட்டுவது) சிவப்பாக மின்னினால் முதலில் அந்த மடிப்பைப் பாருங்கள்.

பழைய வீடுகளில் அந்த வயர் இருக்காது. பழைய கேபிள் முனைகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் மோகா அடாப்டர் (கேபிள் டிவி வயரில் இன்டர்நெட்டை அனுப்பும் கருவி) ஒரு ஜோடி போடலாம். நடுவில் வயரைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் 1000 மெகாஹெர்ட்ஸோடு நிற்கும் பழையது என்றால் 1675 வரை தாங்குவதாக மாற்ற வேண்டும்.

ஆப்பின் அருமை நேரத்தில் தெரிகிறது. இந்தியாவைவிட நாம் இரண்டரை மணி நேரம் முந்தி. அங்கே இரவு 9 மணிக்கு வருவதை நேரலையாகப் பார்க்க இங்கே 11.30 வரை விழித்திருக்க வேண்டும், காலையில் எம்ஆர்டி ரயில் பிடிப்பவர்களால் ஆகாது. ஆப்பில் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாண்டு ஒப்பந்தம் இல்லை, பிடிக்காத மாதம் நிறுத்திவிடலாம். ஆனால் இந்தியாவில் வாங்கிய சந்தா இங்கே பலவற்றைத் திறக்காது, உரிமம் நாடுவாரியாகத்தான். கிரிக்கெட் நேரலை அரை நிமிடம் வரை பின்தங்கும், பக்கத்து வீட்டுக் கூச்சலிலேயே விக்கெட் தெரிந்துவிடும். எல்லாச் சேனலும் இலவசம் என்று விற்கும் பெட்டியை வாங்காதீர்கள். 2021ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின்படி அப்படி விற்பது குற்றம். ஒருநாள் அது நின்றுபோனால் கேட்க ஆளிருக்காது.

விலை, நேரம், சுதந்திரம் எல்லாவற்றிலும் ஆப்தான் மேல். ஆனாலும் வீட்டில் அப்பத்தாவோ தாத்தாவோ இருந்தால் பெட்டியையே வையுங்கள் என்பேன். ரிமோட்டில் மூன்று எண்ணை அழுத்தினால் சேனல் வந்துவிட வேண்டும் அவர்களுக்கு. கடவுச்சொல் கேட்கும் திரை, "இன்னும் பார்க்கிறீர்களா" என்று நிற்கும் திரை, அப்டேட் ஆனதும் இடம் மாறும் ஐகான்கள், இவற்றோடு தினமும் மல்லுக்கட்ட வைப்பது அநியாயம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அந்தக் கேட்6 வயரை மட்டும் சோதித்துவிடுங்கள்.