கம்பமா, புதைவடமா, சோலாரா? பஹாமாஸின் கரண்ட் கணக்கு

2019 செப்டம்பர் 1 அன்று டோரியன் புயல், அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் பக்கத்துத் தீவு நாடான பஹாமாஸின் அபாகோ தீவுகளில், எல்போ கே என்ற இடத்தில் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 185 மைல். கிலோமீட்டரில் சொன்னால் 300-ஐ ஒட்டி. அடுத்து கிராண்ட் பஹாமா தீவுக்குப் போய், ஒரு நாளுக்கும் மேலாக அங்கேயே உட்கார்ந்துகொண்டது. கடல் 20 அடிக்கு மேல் எழும்பி ஊருக்குள் வந்தது. மொத்தச் சேதத்தை 340 கோடி டாலர் என்று கணக்குப் போட்டார்கள். அந்த நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அது கால் பங்கு.

இப்படிப்பட்ட இடத்தில் மின்சாரத்தை எப்படிக் காப்பாற்றுவது? கம்பங்களைப் பலப்படுத்தலாம், கம்பியை மண்ணுக்குள் இறக்கலாம், தீவுக்குத் தீவு சோலாரும் பேட்டரியும் வைத்துக்கொள்ளலாம். என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கரண்ட் பிறக்கிற இடத்துக்கும் பல்பு எரிகிற இடத்துக்கும் நடுவே கம்பி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் தலைநகர் நசாவில் இந்தக் கட்சி டெபாசிட் இழந்துவிடும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஊர் அமைப்பு. சுமார் 700 தீவுகள், அவற்றில் மக்கள் வாழ்வது 30 தீவுகளில்தான். நாட்டின் ஜனத்தொகை நான்கு லட்சம். அதில் முக்கால்வாசிப் பேர் நசா இருக்கிற நியூ பிராவிடன்ஸ் தீவில். மற்ற தீவுகளில் பெரும்பாலும் ஒரு டீசல் எஞ்சின் கொட்டகை, அதிலிருந்து சாலையோரமாக நீளும் கம்பம். நாடு முழுக்க ஒரே மின்தொகுப்பு என்பது கிடையாது.

2018 நவம்பரில் கஜா வந்தபோது நம் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் விழுந்தன. ஆனால் மற்ற மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் லைன்மேன்கள் வண்டியேறி வந்து சேர்ந்தார்கள். தீவில் அந்த வசதி இல்லை. கம்பம், கம்பி, ஆள் எல்லாமே கப்பலில் வரவேண்டும். புயல் முதலில் உடைப்பது அந்தக் கப்பல் வந்து நிற்கிற துறையைத்தான். அதனால் எது விழாமல் நிற்கும் என்று மட்டும் பார்த்தால் போதாது, விழுந்தால் யார், எத்தனை நாளில் எழுப்புவார்கள் என்றும் பார்க்கவேண்டும்.

சரி, கம்பங்கள். பலப்படுத்துவது வீண் வேலை என்பவர்களுக்குப் பக்கத்து ஃபுளோரிடாவே பதில். 2005-இல் வில்மா புயலுக்குப் பிறகு அங்கே எல்லோருக்கும் கரண்ட் திரும்ப 18 நாள் ஆனது. அப்புறம் கம்பங்களை மாற்றினார்கள், மரங்களைக் கழித்தார்கள். 2017-இல் இர்மா இன்னும் அதிக வீடுகளை இருட்டாக்கியும் 10 நாளில் வேலை முடிந்தது. இதில் சூட்சுமம் ஒவ்வொரு கம்பத்தையும் இரும்புத் தூணாக்குவதில் இல்லை. ஒரு கம்பம் சாயும்போது கம்பியோடு அடுத்ததையும் இழுக்கும், அது அதற்கடுத்ததை இழுக்கும். நடுநடுவே ஸ்டே கம்பி கட்டிய தடித்த கம்பம் ஒன்று நின்றால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுபடும். தவிர, பழுது கண்ணுக்குத் தெரியும். சாலையில் ஜீப்பில் போனபடியே எது போச்சு, எது நிற்குது என்று எழுதிவிடலாம். ஆனால் 185 மைல் காற்றில் பறந்துவரும் கூரைத் தகரத்துக்கு எந்தக் கம்பியும் தாங்காது.

புதைவடத்தின் கவர்ச்சி புரிகிறது. கண்ணுக்குத் தெரியாததைக் காற்று என்ன செய்யும்? செய்யாதுதான். ஆனால் பஹாமாஸில் காற்றோடு தண்ணீரும் வருகிறது. நாட்டின் மிக உயரமான இடமே 63 மீட்டர். அடியில் ஓட்டை ஓட்டையான சுண்ணாம்புப் பாறை. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். 2012 அக்டோபர் 29 இரவு நியூயார்க்கில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கீழ் மன்ஹாட்டனில் எல்லாமே புதைவடம்தான், சாண்டி புயலின் காற்றுக்கு அறுபடக் கம்பி கிடையாது. ஆற்றோரம் 13-வது தெருவில் இருந்த துணை மின்நிலையத்துக்குள் கடல் தண்ணீர் புகுந்தது. ஒரு வெடிப்பு, கண்ணைப் பறிக்கிற வெளிச்சம், அதோடு சரி. நாலைந்து நாள் இருட்டு. கேபிள் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கலாம்; டிரான்ஸ்பார்மரும் சுவிட்ச் பெட்டியும் தரைமேல்தானே நிற்கின்றன. கேபிள் ஜாயின்டுக்குள் உப்புத் தண்ணீர் இறங்கிவிட்டால் பழுது எங்கே என்று கருவி வைத்துத் தேடி, தோண்டி, வெட்டி, ஒட்டவேண்டும். அதற்குப் பழகிய ஆட்கள் சின்னத் தீவில் கிடைக்கமாட்டார்கள். செலவோ கம்பத்தைப் போலப் பல மடங்கு. நூறு வீட்டுக்காகப் பத்து மைல் பாறையை வெட்டுவது எந்தக் கணக்கிலும் கட்டாது.

மூன்றாவது வழியான சோலாருக்கு ராகிட் தீவைப் பார்க்கலாம். நாட்டின் தெற்குப் பக்கம், டங்கன் டவுன் என்ற ஒரே ஊர், நூறு பேர்கூட இல்லை. 2017 செப்டம்பரில் இர்மா அடித்துவிட்டுப் போனபின், மனிதர் வாழ லாயக்கில்லாத நிலையில் தீவு இருக்கிறது என்றார் அன்றைய பிரதமர் ஹியூபர்ட் மின்னிஸ். அங்கேதான் பிறகு 390 கிலோவாட் சோலாரும் பேட்டரியுமாக ஒரு குட்டி மின்தொகுப்பு எழுந்தது, 180 மைல் காற்றைத் தாங்கும் கணக்கில்.

பேனல் பறந்துவிடாதா என்றால், பறந்திருக்கிறது. 2017 புயல்களில் கரீபியனில் சில சோலார் நிலையங்கள் துடைத்தெறியப்பட்டன, சில அப்படியே நின்றன. ஏன் என்று ராக்கி மவுண்டன் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க எரிசக்தி ஆய்வு நிறுவனத்தின் ஆட்கள் போய்ப் பார்த்து 2018-இல் எழுதினார்கள். குற்றவாளி பெரிய விஷயம் இல்லை, கிளாம்ப். இரண்டு பேனலுக்கு நடுவே ஒரே கிளாம்ப் இரண்டின் ஓரத்தையும் சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கும். ஒரு பேனல் நழுவினால் கிளாம்ப் தளர்கிறது, பக்கத்துப் பேனலின் பிடி விடுகிறது, அது போனால் அடுத்தது. சட்டை ஜிப்பைத் திறந்த மாதிரி வரிசையே கழன்று போகும். இன்னொரு பக்கம், மணிக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து நட்டுகள் தானாகவே கழன்றிருந்தன. பேனல் சட்டத்தைத் துளைத்து நேராக போல்ட் போடு, கழலாத லாக் நட் போடு என்பதுதான் மருந்து. கோடிக்கணக்கில் போட்ட முதலீட்டை ஒரு நட்டு காவு வாங்கியிருக்கிறது!

எனக்கு இந்த மூன்றாவது பிடிக்க இன்னொரு காரணம் உண்டு. தடித்த கம்பம் புயலன்றுதான் தன் விலையைத் திருப்பித் தரும். சோலார் தினமும் தரும், ஏனென்றால் ஒவ்வொரு லிட்டர் டீசலும் கப்பலில் வருகிறது. நீளக் கம்பியை நம்புவதன் விலை என்ன என்று பார்க்கக் கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோ போதும். பெரிய மின்நிலையங்கள் தெற்கே, ஜனம் வடக்கே, நடுவே மலை. 2017-இல் மரியா புயல் அந்த மலைக் கம்பிகளை அறுத்தபின் கடைசி வீட்டுக்குக் கரண்ட் வர ஏறக்குறைய 11 மாதம் ஆனது. அதே மலையில் அட்ஜுன்டாஸ் ஊரின் காசா புவெப்லோ என்ற சமூக மையத்தில் மட்டும் கூரை சோலாரால் விளக்கு எரிந்தது. மருத்துவக் கருவிகளுக்கு மின்சாரம் தேடி அக்கம்பக்கத்தார் அங்கே வந்தார்கள்.

வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் என்று நாலாவது வழி ஒன்றும் இருக்கிறது. டீசல் கிடைக்கிற வரைக்கும் ஓடும். பணம் இருக்கிறவருக்கு மட்டும்.

இனி நசா. நியூ பிராவிடன்ஸின் பரப்பு 80 சதுர மைல்தான். அதில் கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர், ஹோட்டல்கள், ராப்பகலாக ஓடும் ஏசிகள். ராகிட்டின் கணக்கை அப்படியே பெருக்கினால் பேனல் விரிக்க இடம் பத்தாது. அங்கே தீவின் மேற்கு முனையில் கிளிப்டன் பியர் மின்நிலையத்திலிருந்து வரும் முக்கிய லைன்களின் கம்பங்களைத்தான் முதலில் மாற்றுவேன். புதைவடத்தை மருத்துவமனைக்குப் போகும் லைனுக்கு மட்டும் வைப்பேன், சுவிட்ச் பெட்டியை ஆள் உயரத்துக்கும் மேலே தூக்கி வைத்து. புயலுக்கு மக்கள் ஒதுங்குகிற பள்ளிக்கூடக் கூரைகளில் பேனலும் பேட்டரியும்.

ராகிட்டின் கணக்கு 180 மைல், டோரியன் அடித்தது 185. அதனால் பேனலே போகாது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் பத்து பேனல் போனால் மிச்சத்தை வைத்து ஃபிரிட்ஜாவது ஓடும். ஒரே கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து டீசல் எஞ்சின் போனால் ஒன்றும் ஓடாது. மாற்றுப் பேனல்களையும் ஒரு டப்பா லாக் நட்டையும் மேட்டில் கான்கிரீட் அறையில் பூட்டி, சாவியை டங்கன் டவுனில் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த இரண்டு பேரிடம் கொடுத்துவைத்தால், அடுத்த கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.