நாளுக்கொரு வசனம்: ஓராண்டு பயன்படுத்திய தினத் தியானச் செயலி ஒன்றின் மதிப்புரை

கைப்பேசியில் அதிகாலையில் வந்து நிற்கும் ஒரு வேதவசனம், அதைத் தொடர்ந்து இரண்டு நிமிடத்தில் வாசித்துவிடக்கூடிய ஒரு சிந்தனை, முடிவில் நான்கைந்து வரிகளில் ஒரு ஜெபம், அன்றைக்குச் செய்வதற்கென்று ஒரு சிறு செயல், இவை எல்லாவற்றையும் வாசித்துக்காட்டும் ஒலிப்பதிவு: நான் ஓராண்டாகப் பயன்படுத்திவரும் தினத் தியானச் செயலியின் அமைப்பு இவ்வளவுதான். அதன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. சொல்லவிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை இந்த வகைச் செயலிகள் பலவற்றுக்கும், அவற்றுக்கு முன்பிருந்த அச்சிட்ட தியானப் புத்தகங்களுக்கும் பொதுவானவை என்பதால், ஒன்றை மட்டும் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்பது நியாயமாகாது. ஒரு வாரம் பார்த்துவிட்டு இதைப் பற்றி எழுதுவதிலும் பொருளில்லை. முதல் வாரத்தில் எல்லாத் தியானமும் இனிக்கத்தான் செய்யும்.

நாளுக்கொரு வசனம் என்னும் வழக்கம் கைப்பேசியோடு வந்ததன்று. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் வாழ்ந்த மொரேவியச் சபையார் 1728 இல் அன்றன்றைக்கு ஒரு வசனத்தை வீடு வீடாகச் சொல்லியனுப்பத் தொடங்கி, 1731 முதல் அதை ஆண்டுதோறும் அச்சிட்டும் வருகிறார்கள். இதற்கு மாறான இன்னொரு மரபும் உண்டு. ஸ்காட்லாந்துப் போதகரான ராபர்ட் மர்ரே மெக்செய்ன் 1842 இல் தம் சபையாருக்கு வகுத்துக்கொடுத்த அட்டவணைப்படி வாசிப்பவர், நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு அதிகாரங்கள் வீதம் ஓராண்டில் பழைய ஏற்பாட்டை ஒருமுறையும் புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இருமுறையும் முடித்துவிடுவார். முதல் மரபு ஒரு வசனத்தை நாள் முழுவதும் அசைபோடச் சொல்கிறது. இரண்டாவது மரபு நடந்துகொண்டே இருக்கச் சொல்கிறது. இந்தச் செயலி முதல் மரபைச் சேர்ந்தது. அதன் வலிமையும் பலவீனமும் அங்கிருந்தே வருகின்றன.

பலவீனத்திலிருந்து தொடங்குகிறேன். எரேமியா 29:11 இந்த ஆண்டில் ஒருமுறைக்கு மேல் வந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்னும் அந்த வசனத்தை அறியாத கிறிஸ்தவ வீடு இருக்காது. செயலி அதைத் தேர்வு எழுதுகிறவருக்கும் வேலை தேடுகிறவருக்கும் உரிய வாக்குறுதியாக விரித்து, நீங்கள் நினைத்தது விரைவில் கைகூடும் என்று முடித்திருந்தது. ஆனால் அந்த அதிகாரம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன மக்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எருசலேமிலிருந்து எழுதியனுப்பிய கடிதம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று தீர்க்கதரிசனம் சொல்லியிருக்கிறான். கடிதமோ வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று சொல்லிவிட்டு, பதினோராம் வசனத்துக்குச் சரியாக ஒரு வசனம் முன்பாக எழுபது வருஷம் என்று கணக்குக் கூறுகிறது. அதைக் கேட்டவர்களில் பலர் திரும்பிப்போகும் நாளைக் கண்ணால் காணப்போவதில்லை. இதைச் சொல்லாமல் அடுத்த வசனத்தை மட்டும் கொடுப்பது, அறியாமலே அனனியாவின் பக்கம் போய் நின்றுகொள்வதாகும்.

தமிழில் வாசிப்பவருக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்த வசனத்தில் உள்ள "உங்கள்பேரில்" என்பதை நாம் மரியாதைப் பன்மையாக எடுத்துக்கொண்டு, என்னைத்தான் சொல்கிறார் என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் நம் வேதாகமத்தில் கர்த்தர் தனியொருவரிடம் பேசும்போது "நீ" என்றுதான் பேசுகிறார். "உங்கள்" என்று வந்தால் எதிரே ஒரு கூட்டம் நிற்கிறது என்று பொருள். செயலியின் எழுத்தாளர்கள் இந்த ஒரு சொல்லைக் கவனித்திருந்தாலே சிந்தனையின் போக்கு மாறியிருக்கும்.

வசனம் என்று நாம் வெட்டியெடுக்கும் அலகு மூல எழுத்தாளர்கள் வைத்ததன்று என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். புதிய ஏற்பாட்டில் இன்று வழங்கும் வசன எண்கள் ராபர்ட் எஸ்தியென் என்னும் அச்சகத்தார் 1551 இல் வெளியிட்ட பதிப்பிலிருந்து வருகின்றன. அப்போஸ்தலர் பவுல் சபைகளுக்கு எழுதியது கடிதம். கடிதத்தில் ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மடித்து வைப்பவர் யாருமில்லை.

இதே செயலி இதைச் சரியாகச் செய்த நாட்களும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விட்டால் நான் அநியாயக்காரனாவேன். பிலிப்பியர் 4:13 வந்த நாளில், எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்னும் அந்த வாக்கை வழக்கம்போல் வெற்றி முழக்கமாக ஆக்கப்போகிறார்கள் என்று எண்ணித்தான் திறந்தேன். எழுதியவரோ முந்தைய வசனத்தை முதலில் வைத்திருந்தார்: "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்." சிறையில் கட்டுண்டிருக்கும் பவுல், பிலிப்பி சபையார் அனுப்பிய உதவிக்கு நன்றி சொல்லும்போது, பட்டினியையும் நிறைவையும் ஒரேபோல் தாங்கக் கற்றுக்கொண்டேன் என்று சொல்வதே அங்குள்ள பெலன் என்பதை அந்தச் சிந்தனை எட்டே வாக்கியங்களில் காட்டிவிட்டு, மீதியை வேதாகமத்தில் அதிகாரம் முழுவதும் வாசித்துக்கொள்ளுங்கள் என்று நிறுத்திக்கொண்டது. நான் எழுந்துபோய் வேதாகமத்தை எடுத்தேன். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்துபார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17 பாராட்டுகிறது. தியானச் செயலிக்கு என் கையில் இருக்கும் அளவுகோல் அதுதான். வாசித்து முடித்ததும் வேதாகமத்தைத் திறக்கத் தோன்றுகிறதா, அல்லது திறக்க வேண்டியதில்லை என்று தோன்றுகிறதா? ஓராண்டில் இரண்டும் நடந்தன, இரண்டாவதுதான் அதிகம்.

ஒலிப்பதிவுக்கு நான் தாராளமாகவே மதிப்பெண் தருவேன். வாசிப்பவரின் குரல் நிதானமானது, பிரசங்கத் தொனி இல்லாதது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவது; பின்னணி இசையை அணைத்துவிடவும் வழி இருக்கிறது. முதல் சங்கீதத்தில் இரவும் பகலும் வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் என்று வரும் இடத்தில், தியானத்துக்கு எபிரேயத்தில் உள்ள சொல் மெல்லிய குரலில் முணுமுணுப்பதைக் குறிப்பது. ஏசாயாவில் அதே வினை இரையின் மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும், புலம்பும் புறாவுக்கும் ஆகிவருகிறது. ஆகவே தியானம் என்றால் கண்ணை மூடி மௌனமாக இருப்பது மட்டுமே என்று எண்ணியிருந்த எனக்கு, அந்தக் குரலோடு சேர்ந்து வசனத்தை நானும் வாய்விட்டு இரண்டு மூன்று முறை சொல்லும் பழக்கம் இந்தச் செயலியால்தான் வந்தது. வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இதற்காக இதைப் பரிந்துரைப்பேன்.

அன்றைக்குரிய செயல் என்று வரும் பகுதி மிகவும் சீரற்றது. பல நாட்களில் நன்றியோடிருங்கள், நம்பிக்கையாயிருங்கள் என்று எவருக்கும் எப்போதும் பொருந்தும் அறிவுரைகளே வந்தன. ஒரு சகோதரன் வஸ்திரமில்லாமல் நிற்கும்போது குளிர்காயுங்கள் என்று மட்டும் சொல்லியனுப்புவதால் பிரயோஜனம் என்ன என்று கேட்ட யாக்கோபு இவற்றை என்னவென்று சொல்லியிருப்பாரோ. ஆனால் ஒரு நாள் மத்தேயு 5:23, 24 வந்தது. பலிபீடத்தினிடத்தில் காணிக்கையைச் செலுத்த வந்து நிற்கையில், "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுகூர்ந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிற பகுதி. எனக்கு அவன்மேல் உள்ள குறையைப் பற்றியல்ல, அவனுக்கு என்மேல் உள்ள குறையைப் பற்றியே இயேசு பேசுகிறார் என்று சிந்தனை சுட்டிக்காட்டியது. அதன் கீழே இருந்த செயல் ஒரே வரி: இந்தத் திரையை இப்போதே மூடிவிட்டு அவரை அழையுங்கள். நானும் என் அண்ணனும் சொத்துப் பிரிவினையின்போது நின்றுபோன பேச்சைத் தொடராமல் நான்கு ஆண்டுகள் கழித்திருந்தோம். அவர்மேல் எனக்கிருந்த குறைகளை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பேன். என்மேல் அவருக்கு இருந்த குறை என்ன என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று காலை அழைத்தேன். உரையாடல் சுமுகமாக இருந்தது என்று சொல்ல முடியாது, ஆனாலும் அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே அழைத்தார். தன்னை மூடிவிட்டுப் போகச் சொன்ன அந்த நாளில்தான் இந்தச் செயலி மிகச் சிறந்து நின்றது.

மற்ற நாட்களிலோ அது தன்னை மூடவே விடாது. தொடர்ச்சியாக எத்தனை நாள் திறந்தீர்கள் என்று எண்ணிக்கை காட்டி, ஒரு நாள் விட்டால் எண்ணை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும் ஏற்பாடு இதில் இருக்கிறது. காய்ச்சலில் படுத்துக்கிடந்த ஒரு நாளுக்காக நூற்றுக்கு மேலிருந்த என் எண்ணிக்கை பூஜ்யமானபோது எனக்கு வந்தது மனஸ்தாபம் அல்ல, விளையாட்டில் தோற்றவனின் எரிச்சல். இந்த எண்ணிக்கை வரிசைக்கு அவர்கள், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த உணவான மன்னாவின் பெயரைச் சூட்டியிருப்பது வேடிக்கை. யாத்திராகமம் 16 ஐ அவர்களே ஒருமுறை முழுவதும் வாசித்திருக்கலாம். ஆறாம் நாளில் இரட்டிப்பாகக் கிடைத்த மன்னா ஏழாம் நாளில் விழவே இல்லை. அன்றும் பொறுக்கப் புறப்பட்டவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள், அதற்காகக் கடிந்துகொள்ளவும்பட்டார்கள். ஓய்வுநாளே இல்லாத மன்னா அந்த அதிகாரத்தில் கிடையாது. நினைவூட்டும் ஒலியையும் எண்ணிக்கையையும் அணைத்துவைக்கும் வசதி அமைப்புகளில் மிக ஆழத்தில் புதைந்திருக்கிறது. தேடிக் கண்டுபிடிப்பவர்கள் முதல் நாளிலேயே அணைத்துவிடுவது நல்லது. ஜெபித்து முடித்தவுடன் அதைப் பகிரச் சொல்லித் தோன்றும் பொத்தானைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜெபிக்கும்போது அறைக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டச் சொன்ன இயேசுவிடமே அதை விட்டுவிடுகிறேன்.

ஜெபங்களின் மொழி நன்றாக இருக்கிறது. மிகையான அடுக்குச் சொற்கள் இல்லை. ஆயினும் ஏறக்குறைய எல்லாமே "என்" என்று தொடங்கி "என்னை" என்று முடிகின்றன. கர்த்தருடைய ஜெபத்தில் "என்" என்பதற்கு இடமே இல்லை: "எங்கள் பிதாவே", "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை", "எங்கள் கடன்களை". தமிழ் இதை இன்னும் கூர்மையாக்குகிறது, ஏனெனில் கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் "நம்" நம்மிடம் தனியாக இருப்பதால், "எங்கள்" என்னும்போது அவர் முன்னே நாமெல்லாரும் ஒரு பக்கமாகச் சேர்ந்து நிற்பது தெளிவாகிவிடுகிறது. பக்கத்து வீட்டாரின் ஆகாரத்துக்காகவும் கேட்காத ஜெபம் ஓராண்டு முழுவதும் ஓடும்போது, அது மெல்ல மெல்ல என் அலுவல்களின் பட்டியலாகிவிடுகிறது. மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, தமிழ் வேதாகமத்தின் பழைய பதிப்பையும் 1995 இல் வெளிவந்த திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பையும் மாற்றி மாற்றிப் பார்க்க முடிகிறது. "கர்த்தர்" என்று சொல்லி வளர்ந்தவருக்கும் "ஆண்டவர்" என்று சொல்லி வளர்ந்தவருக்கும் ஒரே செயலி பயன்படுவது சிறிய நன்மையன்று.

என் பெரிய மனக்குறை ஒன்று மீதியிருக்கிறது. என் சகோதரி தீவிர சிகிச்சையில் இருந்த ஒரு வாரம் முழுவதும் வெற்றி, உயர்வு, திறந்த வாசல் என்றே தியானங்கள் வந்துகொண்டிருந்தன. செயலிக்கு என் வீட்டு நிலைமை தெரியாது என்பது உண்மை. ஆனால் எந்த நாளிலும் அதை வாசிப்பவர்களில் யாரோ ஒருவர் மருத்துவமனை வராந்தாவில் இருக்கிறார் என்பது அதை நடத்துகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 150 சங்கீதங்களில் புலம்பலும் முறையீடும் கொஞ்சநஞ்சமல்ல. "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்கும் 13 ஆம் சங்கீதம் ஆறே வசனம் கொண்டது, முடிவில் பாடவும் செய்கிறது. அதுகூட வரவில்லை. 88 ஆம் சங்கீதமோ முடிவிலும் வெளிச்சத்துக்கு வருவதில்லை, இருளிலேயே நின்றுவிடுகிறது. அப்படியொரு ஜெபத்தையும் வேதாகமம் தனக்குள் வைத்துக் காத்திருக்கிறது என்பதே அந்த வராந்தாவில் எனக்குக் கைகொடுத்தது. அதைச் செயலியில் அல்ல, யாரோ நாற்காலியில் விட்டுப்போயிருந்த ஒரு பழைய வேதாகமத்தில் படித்தேன். சகோதரி பிழைத்துக்கொண்டார்.

புலம்பல் சங்கீதங்களையும் அட்டவணையில் சேர்க்கும்படி செயலியை நடத்துகிறவர்களுக்கு எழுதினேன். மரியாதையான பதில் வந்தது: வாசகர்களுக்கு ஊக்கமளிக்கும் பகுதிகளையே தேர்ந்தெடுக்கிறோம், ஆயினும் தங்கள் ஆலோசனையைக் கவனத்தில் கொள்கிறோம் என்று. ஒலிப்பதிவுக்காகவும், மத்தேயு 5 போன்ற ஒரு நாள் மறுபடியும் வரக்கூடும் என்பதற்காகவும் செயலியை அழிக்காமல் வைத்திருக்கிறேன். புதிய ஆண்டின் அட்டவணை சென்ற வாரம் வெளியானது. அதில் முதல் வேலையாக 88 ஐத் தேடினேன். 87 இருக்கிறது, 89 இருக்கிறது.