நின்றுகொண்டே செலவு வைத்த கார்

சென்னை வேளச்சேரியில் குடியிருக்கிறோம். எனக்கு அலுவலகம் சேப்பாக்கத்தில். சொந்த ஊர் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 2016-ல் வாங்கிய காரை 2025 பிப்ரவரியில் விற்றுவிட்டோம். அன்றிலிருந்து தினசரிப் போக்குவரத்துக்கும் ஊருக்குப் போகவும் ரயிலும் பேருந்தும்தான். "ஏன் விற்றீர்கள், வருத்தமாக இல்லையா" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அதற்கான பதிலைக் கணக்கோடு எழுதிவிடலாம் என்று தோன்றியது.

தினசரிப் பயணத்தில் பெரிதாக ஒப்பிட ஒன்றுமில்லை. தூண்களுக்கு மேலே ஓடும் பறக்கும் ரயிலில் ஏறினால் சேப்பாக்கம் அரை மணி, மிஞ்சினால் நாற்பது நிமிடம். மாத சீசன் டிக்கெட் இருநூறு ரூபாயைத் தொடாது. காரில் போனால் அடையாறு, மந்தைவெளி, லஸ் பக்கமெல்லாம் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகச் சாலை சுருங்கிக் கிடக்கிறது. ஒரு நாள் ஐம்பது நிமிடம், இன்னொரு நாள் ஒன்றே கால் மணி நேரம். போய்ச் சேர்ந்தபின் வண்டியை எங்கே விடுவது என்ற கவலை வேறு. ரயிலுக்கு நேரம் சரிப்படாத நாளில் பேருந்து. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கார் இருந்தபோது நிம்மதியாக இருந்தது. இரவு ஒன்பதரைக்கு வேலை முடிந்தால், ஆளில்லாத ஸ்டேஷன் படிகளில் தனியாக இறங்கி நடக்க எனக்கு இன்றும் தயக்கம்தான். அந்த நாட்களில் வாசலிலிருந்து வாசலுக்கு ஆட்டோ பிடித்துவிடுகிறேன். மாதத்தில் நான்கைந்து முறை. வேலையே இரவில்தான் என்றால், நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீண்ட பயணத்தில்தான் மனிதர்கள் காரை விட மறுக்கிறார்கள். நாங்களும் மறுத்தோம். சென்னையிலிருந்து ஊருக்கு 560 கிலோமீட்டர். போக வர எழுபது லிட்டர் பெட்ரோல், லிட்டர் நூறு ரூபாய் சொச்சம். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி என்று தொடங்கும் சுங்கச்சாவடிகளையும் சேர்த்தால் எட்டாயிரத்தைத் தாண்டும். நாங்கள் நால்வர். மூன்றாம் வகுப்பு ஏசியில் தலைக்குச் சுமார் ஆயிரம் என்றால் போக வர ரயிலுக்கும் எட்டாயிரம். "ரெண்டும் ஒண்ணுதானே, காரிலேயே போயிடலாம்" என்பார் கணவர். அந்த வாக்கியத்தை ஒன்பது வருடம் நம்பினோம்.

2024 ஜனவரியில் ஒரு நோட்டில் காரின் செலவை எழுத ஆரம்பித்தேன். பெட்ரோலையும் சுங்கத்தையும் எழுதவில்லை. ஓட்டாவிட்டாலும் ஆகிற செலவை மட்டும்தான் எழுதினேன். இன்சூரன்ஸ் 13,800. வருட சர்வீஸ் 9,600. பேட்டரி 5,400. மழைக்காலத்தில் பானெட்டுக்குள் எலி புகுந்து ஒயரைக் கடித்ததற்கு 7,200. மொத்தம் 36,000 ரூபாய். அந்த வருடம் கார் ஓடியதோ நாலாயிரம் கிலோமீட்டர். பொங்கல், மே விடுமுறை, தீபாவளி என மூன்று முறை ஊருக்குப் போய்வந்ததிலேயே மூவாயிரத்து முந்நூற்றுக்கும் மேல் போய்விட்டது. சென்னைக்குள் வருடம் முழுவதும் எழுநூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. மற்ற நாளெல்லாம் மாடிக்குக் கீழே தூசி படிந்து நின்றது.

கார் ஓடினால்தான் தேயும் என்று நினைத்திருந்தேன். நின்றாலும் தேயும். பூட்டிய காரிலும் அலாரமும் கடிகாரமும் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே கிடந்தால் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து, பிறகு எவ்வளவு ஓட்டினாலும் பேட்டரி பழைய நிலைக்கு வராது. டயரில் நாளடைவில் காற்று இறங்கும், ரப்பர் வெடிப்பு விடும். பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும். ஹேண்ட் பிரேக் போட்டு மூன்று வாரம் விட்டுவிட்டு எடுத்தபோது ஒருமுறை பின்சக்கரம் நகரவே இல்லை. மெக்கானிக் தம்பி, "வாரத்துக்கு ஒருக்கா பத்துப் பதினஞ்சு கிலோமீட்டராவது ஓட்டுங்கக்கா" என்றார். எலிக்குப் புகையிலைக் கட்டு ஒன்றை உள்ளே வைக்கச் சொன்னதும் அவர்தான். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கும் போக வேண்டிய தேவையில்லாமல், பேட்டரிக்காகத் தரமணி வரை ஓட்டிவிட்டு வந்தேன்.

வேளச்சேரிக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் முழுக்கக் கார்கள் வரிசையாக நின்றதே, அதில் எங்களுடையதும் ஒன்று. வண்டியை அங்கே விட்டுவிட்டுக் குடை பிடித்து நடந்து வந்தோம். விற்கும்போது அந்த ஊர்ப் பெயரே விலையைக் குறைத்தது. பார்க்க வந்த தரகர் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லவில்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து, கடைசி நுனிவரை விரலால் தடவினார். வெள்ளத்தில் மூழ்கிய காரில் வெளியே தெரிவதையெல்லாம் கழுவிவிடுவார்களாம். உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்டில் சேற்றுக்கறை அப்படியே இருக்குமாம். அப்புறம் காருக்குள் கிடந்த கால்மிதியைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். கறையும் இல்லை, வாடையும் இல்லை. இருந்தும், "வேளச்சேரி வண்டி, வாங்குறவங்க யோசிப்பாங்க" என்றார்.

6,40,000-க்கு வாங்கியது 2,35,000-க்குப் போனது. ஒன்பது வருடத்தில் நான்கு லட்சத்து ஐயாயிரம் கரைந்திருக்கிறது. அதாவது வருடத்துக்கு 45,000. நோட்டில் எழுதிய 36,000-ஐயும் சேர்த்தால் 81,000. அதை நாலாயிரம் கிலோமீட்டரால் வகுத்தால், பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே கிலோமீட்டருக்கு இருபது ரூபாய். பெட்ரோலோடு இருபத்தாறரை. ஊருக்கு ஒருமுறை போய்வர எட்டாயிரம் என்று நினைத்திருந்தது உண்மையில் முப்பதாயிரத்தை ஒட்டி வந்திருக்கிறது! இந்தக் கணக்கைப் போட்ட இரவு கணவரிடம் நோட்டைக் காட்டினேன். ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்துவிட்டு, "தரகரை வரச் சொல்லு" என்றார்.

இப்போது நெல்லை எக்ஸ்பிரஸில் படுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் கோவில்பட்டியில் இறங்குகிறோம். ஸ்டேஷனிலிருந்து கிராமம் 14 கிலோமீட்டர். டவுன் பஸ் எப்போதாவதுதான். அதனால் அங்கேயே தெரிந்த அண்ணாச்சியின் டாக்ஸியை மூன்று நாளுக்குப் பேசிவிடுகிறோம். அது ஆறாயிரம். ரயிலும் டாக்ஸியும் சேர்த்துப் பதினாலாயிரம். காரில் போன காலத்தில் இரவெல்லாம் கணவரும் நானும் மாற்றி மாற்றி ஓட்டியபோது, துவரங்குறிச்சி தாண்டி ஒருமுறை என் கண் ஒரு நொடி மூடித் திறந்தது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை, கணக்கில் சேர்க்கவும் இல்லை.

ரயிலின் தொல்லை டிக்கெட்தான். முன்பதிவு இப்போது அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பண்டிகை நாளென்றால் காலை எட்டு மணிக்குக் கையில் போனோடு உட்கார வேண்டும். சில நிமிடம் தவறினால் காத்திருப்போர் பட்டியல். திடீரென்று கிளம்ப வேண்டுமென்றால் தட்கல், அதற்கும் உத்தரவாதம் இல்லை. பெரியப்பா தவறிய செய்தி வந்தபோது எதுவும் கிடைக்காமல் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் போய், கிடைத்த அரசுப் பேருந்தில் ஏறினோம். அன்று கார் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன், மறைக்க மாட்டேன். இரவுப் பேருந்தில் நான் போனது அந்த ஒருமுறைதான். அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். மின்சாரக் காரையும் நான் ஓட்டியதில்லை. ஆனால் அது நின்றாலும் இன்சூரன்ஸும் விலைச் சரிவும் நிற்காது.

வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இதே செலவு பெட்ரோலோடு கிலோமீட்டருக்குப் பதினாலரை ரூபாய்க்குள் வந்துவிடும். அவர்கள் காரை விற்க வேண்டியதே இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. ரயிலில் மேல்படுக்கையில் ஏற முடியாது. நாற்பத்தைந்து வயது தாண்டிய பெண் என்பதால் காலியிருந்தால் கீழ்ப்படுக்கை கிடைத்துவிடுகிறது, அதனால் இதுவரை சமாளிக்கிறோம். அவரை நிரந்தரமாகச் சென்னைக்கு அழைத்து வந்து, வாரம் இருமுறை ஆஸ்பத்திரி, கோயில், தங்கை வீடு என்று அலைய வேண்டி வந்தால் அதே நோட்டைத் திரும்ப எடுப்பேன். கடைசிப் பக்கங்கள் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன.